யானை பார்க்க யால

கனடாவால வந்த சித்தப்பாவுக்கு யால போக ஆசை. எங்கட ஊர் தண்ணீரூற்றிலிருந்து அது தீவின் மறுகோடி. மூன்று நாள் முற்றத்து மாநாடு. மாமி இடியப்ப உரலையும் வானில் ஏற்றச் சொன்னா.

"பக்கத்தில சுண்டிக்குளம் இருக்கே" என்றேன். யால 1938இல் தேசியப் பூங்கா. அதே வருடம் சரணாலயமான சுண்டிக்குளத்துக்குப் பூங்காப் பட்டம் கிடைத்தது 2015இல்தான். எங்கட பக்கம் எல்லாமே பிந்தித்தானே வரும்.

"அங்க கொக்கும் நாரையும்தான். பிள்ளையளுக்கு யானை காட்டவேணும்" என்றார் சித்தப்பா.

அன்றிரவே பின்வளவில் யானை. நுழைவுச்சீட்டு இல்லை, வழிகாட்டி இல்லை. சித்தப்பா கட்டிலை விட்டு இறங்கவில்லை. வெடி கொளுத்திக் கலைத்தது அம்மம்மா.

விடிய எண்ணிப் பார்த்தோம்: ஏழு தென்னம்பிள்ளை. வான் ஆறு மணிக்கு யாலவுக்கு வெளிக்கிட்டது.