மன்னிப்புக்குச் சாட்சி யாருலே?

லேய் மக்கா, வலைக்கு ஓட்டை அடைக்கவன் மூக்குக்குள்ள செல்போனத் திணிக்காத. "பாட்டா, தளபதி விஜய் கலங்கிட்டாரு பாருங்க"ங்க. பாத்தேன். பின்னால வயலின் வாசிச்சவன் அவர விடக் கூட அழுகான். அந்தப் பாட்ட ஒட்டுனது ஒனக்க ரசிகர் கூட்டம். எதிர்க்கட்சிப் பய ஒரு துண்டு வெட்டி விட்டிருப்பான், அதையும் வச்சிருப்ப. ரெண்டுமே கத்திரிக்காரன் சாட்சி.

ஞானோபதேசத்துல என்ன படிச்ச? நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு அஞ்சு காரியம்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, சாமியார்ட்ட சொல்லுகது, அபராதம் தீக்கது. கண்ணீரு அதுல இல்ல. இருந்தா ஒம் பாட்டி எப்பவோ புனிதையாயிருப்பா.

கரூர் வேலுச்சாமிபுரத்துல 2025 செப்டம்பர் 27, விஜய்க்க கட்சிக் கூட்டத்து நெரிசல்ல 41 உயிரு போச்சு. 30ஆம் தேதி அவருக்க வீடியோ வந்தது. முழுசாப் பாத்தியா? வேதனையச் சொல்லுகாரு, சரி. பழி வாங்கணும்னா என்னைய வாங்குங்க, தொண்டன விடுங்கன்னு அப்போதைய முதலமைச்சருக்குச் சொல்லுகாரு. குறிச்ச இடத்துல நின்னு பேசுனதத் தவிர தப்பொண்ணும் செய்யலன்னும் சொல்லுகாரு. ஆத்தும சோதனைய அடுத்த வீட்டுக்காரனுக்குச் செஞ்சா சாமியார் எந்திச்சிப் போவாருலே.

அதுக்காவ சர்க்காரு வீடியோவப் பாத்து வாயப் பொளக்காத. அதிகாரிமாரு பத்திரிகைக்காரன வரச்சொல்லி படம் போட்டுக் காட்டுனாவ, அவியளும் இதுல ஒரு கட்சிதான். கேட்ட அனுமதி 10,000 பேருக்கு, வந்தது 27,000ன்னு போலீசு சொல்லிச்சு. அனுமதி மூணு மணிக்கு, கட்சி அறிவிச்சது 12 மணி, விஜய் வந்தது ஏழு தாண்டி. கட்சிக்காரன் கேட்டா எடமே சரியில்ல, பாதுகாப்பு இல்லம்பான். அப்போ யாரு என்ன எழுதிக் கேட்டான், யாரு என்ன எழுதிக் குடுத்தான், அந்தக் கடுதாசியக் கொண்டா. கடுதாசிக்கு அழத் தெரியாது.

அக்டோபர் 13ல சுப்ரீம் கோர்ட்டு விசாரணைய சிபிஐட்ட குடுத்து, மேப்பாக்க ரிட்டயர்டு ஜட்ஜு அஜய் ரஸ்தோகியப் போட்டுது. கோர்ட்டுக் காகிதம்னாலும் கையெழுத்தப் பாரு மக்கா. எங்களுக்குத் தெரியாம எங்க பேருல சிபிஐ கேட்டு மனு போட்டாச்சின்னு செத்தவனுக்க ஆளுவளே சொன்னாவ.

மன்னிப்புன்னு உள்ளது அக்டோபர் 27ல மாமல்லபுரம் ஓட்டல்ல, செத்தவனுக்க குடும்பங்கள வரச்சொல்லி, கதவடச்சு நடந்துது. பத்திரிகைக்காரனுக்கு உள்ள எடமில்ல. விஜய் மன்னிப்புக் கேட்டாருன்னு வெளிய வந்த குடும்பக்காரவ சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். எனக்கு அந்தச் சொல்லுதான் கனம், கேட்டவன் சொல்லல, கேட்கப்பட்டவ சொல்லுகா. ஆனா அவியளுக்குக் கட்சி வீட்டுக்கு 20 லட்சம் குடுத்திருக்கு, அதையும் மனசுல வையி. அவரு நேருல வரலன்னு அந்தப் பணத்தத் திருப்பி அனுப்புன ஒருத்தி உண்டு. மாமல்லபுரம் போனவியட்ட கேட்டா அவள்ட்டயும் கேக்கணும்.

ஓகிப் புயல்ல, 2017ல, கடல்ல காணாமப் போனவிய கணக்கு டிவியில ஒண்ணு, சர்க்காருக்கு ஒண்ணு. நாம நம்புனது பங்கு பங்கா பேரெழுதுன நோட்டத்தான். அதுல ஒவ்வொரு பேருக்கும் ஒரு வீடு இருந்துது, போய்த் தட்டிப் பாக்கலாம்.

நீ அதுக்குள்ள ஹார்ட்டு போட்டாச்சு, இல்லியா? கை அரிச்சா ஒம் பாட்டிக்க போட்டோவுக்குப் போடுலே. ராத்திரி எனக்குக் கஞ்சியாவது கெடைக்கும்.