இருபதடி தூரத்துக்கு எங்கடே போவ?

ஏலே, இங்கன வா. கண்ணு மங்குதாமே உனக்கு? ஏன்னு கேட்டா ‘ஸ்ட்ரெஸ்’ங்க. உங்கம்மை தாராவிப் புகைக்குள்ள நின்னு முறுக்குச் சுட்டு உன்னப் படிக்க வச்சா. ஒருநா அவ வாயில அந்த வார்த்த வந்திருக்குமா?

ஆனா சும்மா சொல்லக்கூடாது, கவலைக்கும் கண்ணுக்கும் தொடுப்பு உண்டுடே. மனசு பதறுனா, ஆரே காட்டுச் சிறுத்தை எதுத்தால நிக்குன்னு ஒடம்பு நெனச்சுக்கிடும். கண்மணி அகலமாத் தொறக்கும். வெளிச்சம் கூசும், கிட்டக்க உள்ள எழுத்து கலங்கும். நிக்கது சிறுத்தையா? மேனேஜர் மெயிலு!

இமை வேற துடிக்குதோ? ஆம்பளைக்கு வலது கண்ணு துடிச்சா நல்ல சேதி வரும்பா உங்க ஆச்சி. நீ மாட்டுங்காவுல மூணாவது தம்ளர் காபிய இறக்கிட்டு, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சுக் கெடக்க. துடிக்காம என்ன செய்யும்?

20 நிமிசத்துக்கு ஒருக்கா, 20 அடி தள்ளி உள்ளத, 20 நொடி பாக்கணும்னு போன்ல ஒரு செயலி போட்டிருக்கியாம். போனப் பாக்காதன்னு சொல்லதுக்கும் போனுதானா? யோசனை என்னவோ நல்ல யோசனைதான். கிட்டக்கயே பாத்தா கண்ணுக்குள்ள தசை இறுகிக் கெடக்கும், தூரம் பாத்தாத் தளரும். ஆனா நம்ம சந்துல 20 அடிக்கு எங்கடே போவ? கைய நீட்டுனா எதுத்த வீட்டுச் சன்னலு. 60 அடி ரோட்டுக்குப் போவியா, 90 அடி ரோட்டுக்குப் போவியா? அடியெல்லாம் பேருலதான் இருக்கு, கண்ணுக்கு முன்னால லாரியில்லா நிக்கு! பேசாம செம்பூர் சேடா நகர் முருகன் கோயில் படி ஏறு. அங்கன தூரம் பாக்க டிக்கெட்டு கெடையாது.

போனோட நீல வெளிச்சத்தத் தடுக்க கண்ணாடிக்கு எம்புட்டு அழுத? 2023ல காக்ரேன் அமைப்புக்காரங்க 17 ஆய்வச் சலிச்சுப் பாத்தாங்க. கண் அலுப்பக் கொறைக்கதுல அதுக்கும் சாதாக் கண்ணாடிக்கும் பெருசா வித்தியாசம் தெரியலன்னுட்டாங்க. இமைய மூடித் தொறக்க எவனாவது காசு கேட்டானா? திரையப் பாக்கையில நீ அதையுமில்லா மறந்துபோற!

ஒண்ணு மட்டும் வெளையாட்டில்ல, கேட்டுக்க. மன அழுத்தம் கூடுனா ஒடம்புல கார்ட்டிசால்ங்க சுரப்பு ஏறும். சிலபேருக்கு விழித்திரைக்கு அடியில நீர் கோத்துக்கிடும். பாக்குத இடத்து நடுவுல நிழலடிக்கும். நேரா நிக்க கதவு நெலை வளைஞ்சு தெரியும். 20க்கும் 50க்கும் நடுவுல உள்ள ஆம்பளைகளத்தான் ரொம்பப் பிடிக்கும். ஜெர்மனி டாக்டர் கிராஃபே இத 1866லயே எழுதி வச்சுட்டாரு. அப்ப ஏதுடே ஈஎம்ஐ? பலபேருக்கு மூணு நாலு மாசத்துல தானா வடிஞ்சிரும். ஆனா ஸ்டீராய்டு மாத்திரை, களிம்புன்னு எதையாவது எடுத்தா இது கூடும். டாக்டர்கிட்ட மறைக்காதே.

அதுக்காக எல்லாப் பழியையும் ஸ்ட்ரெஸ்சு தலையில போடாத. வடாலா ஆதித்ய ஜோத் கண் ஆஸ்பத்திரிக்காரங்க மும்பைச் சேரிகளுக்கு வந்து சக்கரைக்காரங்க விழித்திரையச் சோதிச்சது சும்மாவா? சக்கரை அங்கன அரிக்கையில வலிக்கவும் செய்யாது, மொதல்ல மங்கவும் செய்யாது. உங்கப்பன் ஊசியில நூல் கோக்கத் தடவுதானே, அது வெறும் வெள்ளெழுத்து. நாப்பது தாண்டுனா வாரதுதான். அவன் எந்த ஸ்ட்ரெஸ்சக் கண்டான்?

நாளைக்குக் காலம்பற சயான் ஆஸ்பத்திரிக்குப் போ. கண்ணுல சொட்டு மருந்து விட்டு, கண்மணிய விரிய வச்சுப் பாப்பாங்க. அதுக்கப்புறம் கொஞ்ச மணி நேரத்துக்கு போன்ல ஒரு எழுத்தும் தெரியாது. அதத் தாங்குவியாடே, இல்ல தொணைக்கு நான் வரணுமா?