ஏழைக்கு எழுதிவைத்த சூரியன்

பூமி சூடாகிக்கொண்டே போகிறதே, யார் காரணம்? சந்தேகமே வேண்டாம். பீகார், ஜெகனாபாத் மாவட்டம், தர்னாய் கிராமத்தில் முப்பது வருஷத்துக்கு மேலாகக் கரண்டே இல்லாமல் மண்ணெண்ணெய் விளக்கோடு கிடந்த சனங்கள்தான். அவர்களைத் திருத்தாமல் உலகம் உருப்படுமா? 2014-ல் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு போய்த் திருத்தியது.

100 கிலோவாட் சூரிய மின் நிலையம். சுமார் 450 வீடுகளுக்கு விளக்கு எரிந்தது, செல்போனுக்குச் சார்ஜ் ஏறியது. கூடவே புத்திமதியும் வந்தது: ஃபிரிட்ஜ் மாதிரி கரண்ட் குடிக்கிற சாமான் கூடாது, பேட்டரி தாங்காது. உலகத்தைக் காப்பாற்றுகிற பொறுப்பு எப்போதும் இளைச்சவன் தலையில்தானே அரைபடும்!

ஏழைக்கு நன்றி கிடையாது பாருங்கள். திறந்துவைக்க வந்த, அப்போது முன்னாள் முதல்வராக இருந்த நிதிஷ் குமாரிடம், எங்களுக்கு அசல் கரண்ட் வேண்டும், போலிக் கரண்ட் வேண்டாம் என்று நின்றார்கள். முப்பது வருஷமாகக் கண்ணில் படாத ஊர் அரசாங்கத்துக்குச் சில நாளில் தெரிந்துவிட்டது, கம்பி வந்தது. கம்பியில் வந்தது நிலக்கரிக் கரண்ட். சோலாருக்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு விலை. அதாவது புகைக்கு மானியம், வெயிலுக்கு முழுக் காசு, அதுவும் கூலிக்காரன் பையிலிருந்து. சில வருஷத்தில் பேட்டரி செத்தது. 2021-ல் பார்த்தபோது அந்த வளாகத்தில் மாடு கட்டியிருந்தார்கள்.

அரசாங்கம் மட்டும் யோக்கியமா? 100 வீட்டில் 10 வீட்டுக்குக் கரண்ட் போனால் அந்த ஊர் மின்மயம் என்பது 2004-ல் எழுதிவைத்த இலக்கணம். மீதி 90 வீடு இருட்டில் உட்கார்ந்தபடியே முன்னேறலாம். அந்தக் கணக்கில்தான் 2018 ஏப்ரல் 28 அன்று மணிப்பூரின் லெய்சாங்கோடு இந்தியாவின் கடைசி கிராமத்துக்கும் கரண்ட் வந்துவிட்டது என்று மார்தட்டினோம்.

இப்போதும் ஏசி மண்டபங்களில் பேசுகிறார்கள்: கிராமத்தானுக்கு விழிப்புணர்வு போதாதாம். மே மாத ராத்திரியில் பிள்ளை புழுங்கிச் சாகாமல் ஒரு ஃபேன் கேட்டால் விழிப்புணர்வு இல்லையா?

சரி, அவ்வளவு உசத்தி என்றால் முதலில் மந்திரி பங்களாவையும் நட்சத்திர ஓட்டலையும் அந்தப் பேட்டரிக்கு மாற்றுங்கள். பொழுது சாய்ந்தால் ரெண்டு பல்பு, ஒரு சார்ஜர். லிஃப்ட் கிடையாது, ஏசி பேச்சே கிடையாது. ஒரே ஒரு கோடை ஓட்டுங்கள். விழிப்புணர்வு வகுப்பெடுக்கத் தர்னாயிலிருந்து ஆள் வருவார்கள். ரயில் டிக்கெட்டை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.