முழுப்பரீட்சைக்குப் பிந்திய குடும்ப விசாரணை: ஓர் ஆராய்ச்சி

பள்ளிக்கூடம் திறப்பதைப் பற்றியும் பரீட்சை நடத்துவதைப் பற்றியும் நம் நாட்டில் இதுவரை வெளிவந்திருக்கும் கமிஷன் அறிக்கைகளையும் சர்க்கார் உத்தரவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு சாதாரண வீட்டின் பரண் கொள்ளாது. ஆயினும், கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டுச் சட்டையெல்லாம் மைத்துளிகளோடு வீடு திரும்பிய பிள்ளைக்கும், அந்தத் துளிகளைக் கண்டு முதலில் கோபித்துப் பிறகு, 'போகட்டும், அடுத்த வருஷம் இந்தச் சட்டை எப்படியும் பற்றாது' என்று சமாதானமடைந்த தாய்க்கும், அன்று அலுவலகத்திலிருந்து சற்று முன்னதாகவே வந்துவிட்ட தகப்பனுக்கும் இடையில், அந்த ஒரு வாரத்தில், சென்ற ஆண்டைப் பற்றி நிகழும் சம்பாஷணையைப் பண்டிதர்கள் ஒரு பொருட்டாக எண்ணியதில்லை. அக்குறையை இயன்ற அளவு நிவர்த்தி செய்வதே இவ்வியாசத்தின் நோக்கம்.

முதலில் காலத்தை நிர்ணயிப்போம். தொல்காப்பியர் திணைகளுக்குப் பெரும்பொழுது, சிறுபொழுது என வகுத்துக் காட்டிய மார்க்கத்தைப் பின்பற்றினால், இவ்விசாரணைக்குரிய பெரும்பொழுது சித்திரையின் முற்பகுதியாகும். அதாவது, கடைசிப் பரீட்சை முடிந்த நாளுக்கும், மே மாதம் 4-ஆம் தேதியை ஒட்டித் தொடங்கும் அக்னி நட்சத்திரத்துக்கும் இடைப்பட்ட சொற்ப காலம். அதற்கு மேல் பிள்ளை பாட்டி ஊருக்குப் போய்விடுமாதலால், விசாரிக்கத் தகப்பன் இருப்பான், விசாரிக்கப்பட ஆள் இராது. சிறுபொழுது இரவு எட்டு மணிக்கு மேல். மின்சாரம் நின்றுபோய், தொலைக்காட்சியும் கைப்பேசியும் உதவாத நிலை ஏற்படுமானால் மிகவும் விசேஷம்.

சித்திரைக்கு இந்தச் சிறப்பு வந்ததற்கு ஒரு சரித்திரக் காரணமும் உண்டு. இந்திய சர்க்காரின் கணக்கு ஆண்டு 1867-ஆம் வருஷம் முதல் ஏப்ரல் 1-ஆம் தேதி தொடங்கி மார்ச் 31-ஆம் தேதியில் முடிந்து வருகிறது. ஆகவே, உத்தியோகத்திலிருக்கும் தகப்பன், மார்ச் மாதம் முழுவதும் வரவு செலவுகளோடு மன்றாடி, இறுதி இருப்பு என்ற தொகையைக் கண்டுபிடித்துக் கோடு போட்டுக் கையெழுத்திட்ட களைப்போடும், அந்தக் களைப்பில் பிறந்த உற்சாகத்தோடும் வீடு வந்து, எதிரே நிற்கும் பிள்ளையையும் அதே முறையில் பார்க்கத் தலைப்படுகிறான். ஜூன் மாதத்தில் இப்பிள்ளையின் தொடக்க இருப்பு இவ்வளவு. இடையில் சீருடை, புத்தகப்பை, வேன் கட்டணம், மூன்று முறை தொலைந்த ஜியாமெட்ரி பாக்ஸ் ஆகிய இனங்களில் செலவு இவ்வளவு. ஆனால், வரவு எங்கே?

இக்கேள்வியில் அநியாயம் ஒன்றுமில்லை. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஐந்தாம் வகுப்புவரை ஆண்டுக்கு 200 வேலை நாட்களும் 800 மணி நேரப் போதனையும், ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை 220 நாட்களும் 1,000 மணி நேரமும் வேண்டுமென்று விதித்திருக்கிறது. ஆயிரம் மணி நேரத்துக்குப் பிரதியாக ஒரே ஒரு வாக்கியத்தை எதிர்பார்க்கும் தகப்பனைப் பேராசைக்காரன் என்று எவ்விதம் சொல்லலாகும்? அவன் கேட்கிறான்: "இந்த வருஷம் என்னடா கத்துக்கிட்டே?" பிள்ளை விடையளிக்கிறது: "ஒண்ணுமில்லேப்பா."

இவ்விடையைப் பற்றி மூன்று பட்சங்கள் உண்டு. விடையில் உள்ளபடியே பொருள் கொண்டு, பிள்ளை உண்மையிலேயே ஒன்றும் கற்கவில்லை என்பது முதற்பட்சம். இது பெரும்பாலும் தகப்பன்மாரால் அங்கீகரிக்கப்பட்டது. கற்றது கரைகாணாததாகையால் ஒரு வாக்கியத்தில் அடக்க இயலாமையே அவ்வாறு வெளிப்பட்டது என்பது இரண்டாம் பட்சம். இதைத் தாய்வழிப் பாட்டிமார் கைக்கொள்வர். நாம் இரண்டையும் மறுக்கிறோம். பிள்ளை அக்கேள்வியைக் கல்வி பற்றிய கேள்வியாகவே கிரகிக்கவில்லை. குற்றப்பத்திரிகை ஏதோ தயாராகிறது என்று அனுமானித்து, நியாயஸ்தலத்தில் எதிரி நிரபராதி என்று வாதிடுவதைப் போலத்தான் அது பதிலிறுக்கிறது. இதற்குப் பிரபலமான சாட்சியம் உண்டு. அடுத்த அறையில் கண்ணாடி டம்ளர் விழுந்து உடைந்த ஓசை கேட்டு, "அங்கே என்ன?" என்று கேட்டாலும், அதே குரலில், அதே வேகத்தில், அதே "ஒண்ணுமில்லே" வருவதை எந்த வீட்டிலும் பரிசோதித்துக்கொள்ளலாம்.

முப்பருவ முறை தகப்பனின் கட்சியை மேலும் பலவீனப்படுத்திற்று. 2012-13-ஆம் கல்வியாண்டில் தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புவரை பாடப்புத்தகத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு பருவம் முடிந்ததும் அப்பருவத்துப் புத்தகத்துக்கு விடைகொடுக்கும் ஏற்பாடு வந்தது. பையின் கனம் குறைந்தது என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள்; ஆனால், "ஜூன் மாசம் நடத்தினாங்களே, அந்தப் பாடம்?" என்று கேட்கும் தகப்பனிடம், "அது ஃபர்ஸ்ட் டெர்ம்ப்பா" என்று, ஏதோ சோழர் காலத்துச் சமாசாரத்தைப் போல ஒதுக்கிவிடும் சௌகரியம் பிள்ளைக்குக் கிட்டிவிட்டதை எவரும் கவனிக்கவில்லை.

இனி, விசாரிப்போரின் இயல்பு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் மாணாக்கரை மூவகையாக்கி, அன்னத்தையும் பசுவையும் முதல் வகைக்கும், மண்ணையும் கிளியையும் இடை வகைக்கும், ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றைக் கடை வகைக்கும் உவமையாக்கினார். இத்தனை உவமைகளுள் நம் தகப்பன்மார் இன்றளவும் எருமை ஒன்றையே விடாமல் எடுத்தாண்டு வருவது அவர்களுடைய இலக்கணப் பயிற்சியின் எல்லையைக் காட்டுகிறது. ஆனால், பெற்றோரை வகைப்படுத்த முனிவர் முன்வரவில்லை. நாம் வகுக்கிறோம்: அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவோர், தம் சுயசரித்திரம் கூறுவோர், பேசாதிருப்போர். முதல் வகையினரை உலகம் அறியும். மூன்றாம் வகையினர் சொற்பம். இரண்டாம் வகையினரே ஆராய்ச்சிக்குச் சுவை தருபவர்கள். "நான் ஏழாவது படிக்கும்போது தெருவிளக்கிலே..." என்று அவர்கள் ஆரம்பிக்கும்போது, கூடத்தின் மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் பாட்டியார், தலை நிமிராமலே, "கணக்குலே நீ முப்பத்தஞ்சு வாங்கினதுக்குப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சது நான்தானேப்பா" என்று திருவாய் மலர்ந்தருளுவார். தர்க்க சாஸ்திரிகள் நம்பத்தக்கவர் சொல்லை ஆப்த வாக்கியம் என்பர். அதற்கு மேல் பிரமாணம் கிடையாது. சுயசரித்திரம் அந்தத் தெருவிளக்கோடு நின்றுவிடும்.

நேர்முகக் கேள்வி இவ்விதம் நிர்ப்பலனாவதால், ஆண்டு ஒன்று கடந்தது என்பதற்கு வேறு ஆதாரம் தேட வேண்டியிருக்கிறது. மதிப்பெண் பட்டியல் ஓர் ஆதாரம்தான். ஆனால், அது ஆசிரியரின் சொல், தகப்பனின் கையெழுத்து. பிள்ளை அதில் சம்பந்தப்படவே இல்லை. கால்சட்டை அதைவிட நம்பத்தக்கது. சென்ற ஜூனில் வளர்த்தியை உத்தேசித்துத் தையற்காரர் உள்ளே மடித்து வைத்த துணியைத் தாய் ஒரு முறை அவிழ்த்து இறக்கியிருப்பாள். வெளுக்காத அந்தப் பட்டை கணுக்காலுக்கு மேலே நிற்பதைப் பார்த்தால், பிள்ளை ஏதோ ஒரு துறையில் முன்னேறியிருக்கிறது என்பது ஐயமின்றி விளங்கும்.

இவ்விரண்டையும் விடச் சிறந்த ஆதாரம், எழுதி மீந்த நோட்டுப் புத்தகங்களே. பரீட்சை முடிந்த பிறகு, காகிதத்தை வீணாக்கலாகாது என்ற கொள்கையுடைய குடும்பங்களில், பழைய நோட்டுகளையெல்லாம் கூடத்தில் கொட்டி, எழுதாத தாள்களைக் கிழித்தெடுத்து, கோணி ஊசியும் சணல் நூலும் கொண்டு ஒரு ரஃப் நோட்டு தைப்பது வழக்கம். தாய் கிழிப்பாள், பிள்ளை அடுக்கும், தகப்பன் ஊசியில் நூல் கோப்பதாகச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இந்தச் சடங்கில்தான், எவரும் எதிர்பாராத வண்ணம், உண்மையான விசாரணை தொடங்குகிறது. அதன் சூட்சுமத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

நடுவில் தைத்த நோட்டில் எந்தத் தாளும் தனித்தாள் அன்று. பின்பாதியில் இருக்கும் ஒவ்வொரு தாளும் முன்பாதியிலுள்ள ஒரு தாளோடு ஒரே காகிதமாக மடிக்கப்பட்டது; கடைசித் தாளுக்கு முதல் தாள் ஜோடி, அதற்கு முந்தியதற்கு இரண்டாம் தாள் ஜோடி. ஆகவே, ஏப்ரல் மாதத்தின் வெற்றுத் தாளைப் பின்னாலிருந்து கிழித்தால், ஜூன் மாதம் பள்ளி திறந்த நாளில் எழுதிய தாள் பிடிமானமின்றிக் கழன்று மடியில் விழுகிறது. 192 பக்க நோட்டில் தாள்கள் 96. அவற்றுள் பிள்ளை எழுதாமல் விட்டது 26 தாள் என்று வைத்துக்கொண்டால், முன்னாலிருந்து வரிசையாக 26 தாள் கழலும்; விசாரணை ஜூனில் தொடங்கி ஏறக்குறைய செப்டம்பரில் நிற்கும். பாதி நோட்டை எழுதாமல் விட்ட பிள்ளைக்கோ எழுதிய தாள் அத்தனையும் விழுந்து, ஆண்டு முழுவதும் பரிசீலனைக்கு வந்துவிடும். கடைசிப் பக்கம்வரை எழுதி முடித்த பிள்ளையின் நோட்டில் கிழிக்க ஒன்றுமில்லை. ஆதலால் விழவும் ஒன்றுமில்லை. இதிலிருந்து பெறப்படும் விதி யாதெனில், பிள்ளை எவ்வளவுக்கெவ்வளவு குறைவாக எழுதியிருக்கிறதோ, அவ்வளவுக்கவ்வளவு அக்குடும்பத்தின் ஆண்டிறுதிச் சிந்தனை பூரணமாக அமையும். முதல் ரேங்க் வாங்கும் பிள்ளையின் வீட்டில் பேச்சே இராது. இவ்விதியை எந்தக் கல்வி இலாகாவும் வரவேற்காது என்பது நமக்குத் தெரியும்.

விழும் தாள்களில் என்ன இருக்கிறது? முதல் தாள் எல்லா வீடுகளிலும் ஒன்றே: மேலே பிள்ளையார் சுழி, அதன்கீழ் இரட்டைக் கோடிட்ட தலைப்பு, முத்துமுத்தான கையெழுத்து. நாலாம் தாளில் கையெழுத்து சாயத் தொடங்கும். எட்டாம் தாளில் சிவப்பு மையால் ஆசிரியர் அதைப் பற்றித் தம் அபிப்பிராயத்தைத் தெரிவித்திருப்பார். சுதந்திர தினத்துக்கென்று தகப்பன் இரவெல்லாம் விழித்து எழுதிக்கொடுத்து, பிள்ளை பிரதி செய்துகொண்ட நாலு பக்கச் சொற்பொழிவு ஒருநாள் வந்து விழுகிறது. "இதைத்தானே அன்னிக்குப் பேசினே?" என்று தகப்பன் பெருமையோடு எடுத்துப் பார்க்க, "இல்லேப்பா, ரெண்டு நிமிஷம்தான்னு மிஸ் சொல்லிட்டாங்க. அம்மா சொல்லிக் குடுத்ததைப் பேசிட்டேன்" என்று பிள்ளை கூறுகிறது. தகப்பன் மீண்டும் ஊசியில் நூல் கோப்பதில் முனைகிறான்.

பாடப் பக்கத்தைவிட அதன் மறுபுறமே பெரும்பாலும் செய்தி நிறைந்தது. அங்கே ராஜா ராணி மந்திரி போலீஸ் திருடன் ஆட்டத்தின் கணக்கு, ஐந்து பெயர்களின்கீழ், ராஜாவுக்கு ஆயிரக்கணக்கிலும் திருடனுக்குப் பூஜ்யமாகவும், எந்த அலுவலகக் கணக்குக்கும் குறையாத ஒழுங்கோடு எழுதப்பட்டிருக்கும். இத்தகைய தாள்களை நாள் வரிசையில் அடுக்கினால், பள்ளிக்கூடத்தின் எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாத சரித்திரம் கிடைக்கும். ஜூலைவரை ஐந்து பெயர்; ஆகஸ்டில் நான்கு. தாய் கேட்கிறாள்:

"அந்த அஞ்சாவது பையன் எங்கடா? வீட்டுக்குக்கூட வருவானே."

"அவங்க அப்பாவுக்கு மாத்தலாகிடுச்சு. டிசி வாங்கிட்டுப் போயிட்டான்."

"எப்போ?"

"காலாண்டுக்கு முன்னாடியே."

"சொல்லவே இல்லையேடா."

"நீங்க கேக்கவே இல்லையேம்மா."

அந்தக் காலாண்டில் மதிப்பெண் சரிந்ததற்குத் தொலைக்காட்சியைக் காரணமாக்கி ஒரு மாதம் அதன் இணைப்பைத் துண்டித்து வைத்திருந்தது அப்போது இருவருக்கும் நினைவுக்கு வரும். கேட்பவர் யார், கேட்கப்படுபவர் யார் என்பது இவ்விடத்தில் சற்றுக் குழம்பிப்போகிறது. பெற்றோர் இருவருக்கும் சேர்த்து மதிப்பெண் போட்டால் 35 தேறுமா என்பது சந்தேகம். இருந்தும், "என்ன கற்றாய்?" என்று கேட்டபோது ஒன்றுமில்லாதிருந்த பிள்ளை, அதன்பின் இரவு பத்து மணிவரை, யார் யாரோடு சண்டையிட்டது, எந்த ஆசிரியை தேர்வு நாளில் தண்ணீர் கொடுத்தார், பின்னம் என்ற கணக்கு எந்த நாளில் திடீரென்று விளங்கிற்று என்பதையெல்லாம் கேளாமலே சொல்லிக்கொண்டு போகும். அதை இடைமறித்துப் பின்னத்தில் ஒரு கணக்குக் கேட்கும் தகப்பன்மாரும் உண்டு. அவர்கள் அத்தோடு அந்த ஆண்டின் விசாரணையை முடித்துக்கொண்டவர்கள் ஆவர்.

தைத்து முடிந்த ரஃப் நோட்டுக்குப் பழைய மாதக் காலண்டரின் தாளால் அட்டை போட்டவுடன், பிள்ளை அதன்மேல் தன் பெயரையும் அடுத்த வகுப்பையும் எழுதும். "ரிசல்ட் வரட்டும்" என்பான் தகப்பன். எட்டாம் வகுப்புவரை எவரையும் நிறுத்திவைக்கலாகாது என்ற விதி 2019-இல் மத்தியில் திருத்தப்பட்டும் தமிழ்நாட்டில் கைவிடப்படவில்லை என்பதைத் தாய் எடுத்துக்காட்டுவாள், வழக்கு தள்ளுபடியாகும்.

நாலு கோடு, இரட்டைக் கோடு, கட்டம், கோடில்லாதது என்று எல்லா ஜாதித் தாள்களும் கலந்த அந்த நோட்டு எந்தப் பாடத்துக்கும் பொருந்தாது. விடுமுறையில் நாளொன்றுக்கு ஒரு பக்கம் கையெழுத்துப் பயிற்சி செய்யவேண்டும் என்ற நிபந்தனையோடு தகப்பன் அதைப் பிள்ளையிடம் ஒப்படைப்பான். பாட்டி ஊருக்குப் புறப்படும் அவசரத்தில் அது மேஜைமேல் தங்கிவிடும். ஜூன் முதல் தேதிக்குள் அதில் பால் கணக்கு ஆரம்பமாகியிருக்கும்.