சோதனைக் குருசாமி

வன்னிப் பெருநிலப்பரப்பிலிருந்து கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்குப் புறப்படும் எந்தக் குழுவிலும், கட்டுநாயக்க விமான நிலையம் முதல் பம்பைக் கரை வரை நேரும் அத்தனை இடர்களுக்கும் 'ஐயன் சோதிக்கிறான்' என்ற ஒரே விளக்கத்தைக் கைவசம் வைத்திருக்கும் குருசாமி ஒருவர் இருந்தே தீருவார். பலமுறை மலையேறியவரும், கன்னிச்சாமிகள் எனப்படும் முதன்முறை செல்வோருக்கு இருமுடி கட்டிக்கொடுப்பவருமே குருசாமி ஆவார். பதினெட்டாம் முறை செல்லும்போது தென்னங்கன்று ஒன்றைச் சுமந்து சென்று மலையில் நடுவது மரபு. சோதனைக் குருசாமியோ ஒவ்வொரு முறையும் அதைவிடப் பாரமான ஒரு கோட்பாட்டைச் சுமந்து செல்கிறார்.

அக்கோட்பாட்டின்படி, யாத்திரையில் நிகழும் எந்தத் தவறுக்கும் மனிதர் எவரும் பொறுப்பல்லர். 2024இன் பிற்பகுதியில் நாட்டில் கடவுச்சீட்டுப் புத்தகங்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு மக்கள் இரவிரவாக வரிசையில் கிடந்தபோது, பத்திரிகைகள் கொள்வனவுச் சிக்கலைப் பற்றி எழுத, குருசாமி மட்டும் பக்தியின் ஆழத்தை ஐயப்பன் அளந்து பார்ப்பதாக அறிவித்தார். அதே வரிசையில் வீட்டு வேலைக்காகக் குவைத் செல்லவிருந்த பெண்களும் நின்றதை அவர் கருத்திலெடுக்கவில்லை. இருமுடியின் முன்முடியில் வைக்கப்படும் நெய்த்தேங்காயின் கதையும் இத்தகையதே. தேங்காய் எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதால் இந்திய விமானங்களில் அதைக் கைப்பொதியில் எடுத்துச் செல்ல வழமையாக இடமில்லை. 2024 ஒக்டோபரில் இந்திய விமானப் போக்குவரத்து அமைச்சு சபரிமலை அடியார்களுக்காக 2025 ஜனவரி 20 வரை அத்தடையைத் தளர்த்தியது. தடை சோதனை, தளர்வு திருவருள், ஆகவே அமைச்சுக்கு இரண்டிலும் பங்கில்லை என்பது குருசாமியின் தீர்ப்பு.

கிளிநொச்சியிலிருந்து வரும் வான் முறிகண்டிப் பிள்ளையார் முன் நின்று, சிதறுதேங்காய் அடித்து, கச்சான் வாங்கிப் புறப்படும்வரை ஒரு தடங்கலும் நேரவில்லையெனில் அவர் முகம் வாடத் தொடங்கும். இடரற்ற பயணத்தை அவர் யாத்திரையாக ஏற்பதில்லை. அதைச் 'சும்மா ரூர்' என்றே குறிப்பிடுவார். விமான நிலையத்தில் பொதி நிறை கூடி, அரிசிமா, மிளகாய்த்தூள், பயத்தம் பணியாரம், சித்தாலேப எனக் குழுவின் குடும்ப இரகசியங்களெல்லாம் தரையில் பரப்பப்படும்போதுதான் அவருக்கு உயிர் வரும். மதுரையில் இறங்கி, தேனி, கம்பம் வழியாகக் குமுளி மலைப்பாதை தொடங்கும் லோயர் கேம்ப் அருகே வான் சக்கரம் காற்றுப்போய், மாற்றுச் சக்கரத்திலும் காற்றில்லையென்று தெரியவரும்போது அவர் முகத்தில் ஏற்படும் மலர்ச்சியைக் கன்னிச்சாமிகள் எளிதில் மறப்பதில்லை.

"ஸ்டெப்னிக்குக் காத்தடிக்கணும்னு ஓனர்கிட்ட மூணு தடவ சொன்னேன் சாமி" என்று சாரதி முறையிட, "ஓனர் என்ன செய்யிறது சாமி, அவரும் ஐயன்ர கருவிதானே" என்று குருசாமி அவரைத் தேற்றுவார். தேற்றப்பட வேண்டியவர்கள் வானுக்குள் வெயிலில் இருந்தவர்கள் என்பது வேறு விடயம்.

தலைமன்னாரிலிருந்து கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கிய பாட்டன் காலத்துப் பயணங்களையும் அவர் விட்டுவைப்பதில்லை. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்ததும் அவருடைய சோதனைப் பட்டியலில் உண்டு.

எனினும், பம்பையிலிருந்து சன்னிதானம் வரையுள்ள ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர் ஏற்றத்தில் இதே மனிதர் வேறொருவராகிவிடுகிறார். மாளிகைப்புறம் என்று அழைக்கப்படும் வயதான பெண் அடியார் ஒருவர் அப்பாச்சிமேட்டில் மூச்சிரைத்து அமர்ந்தால், பேச்சை நிறுத்தி, அவர் காலுக்குச் சித்தாலேப தேய்த்து, அவருடைய துணிப்பையையும் தன் தோளில் மாட்டிக்கொண்டு, எல்லோரும் உண்ட பின்னரே உண்பவரும் இவரே. அவருடைய பொறுமை போலியன்று. போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் நாட்கணக்காகப் பொதிகளை அவிழ்த்துக் கட்டியவர்களும், 2009இல் மெனிக் பாம் முகாமில் ஒரு வாளி தண்ணீருக்காக வரிசையில் நின்றவர்களும் வாழும் மண்ணில், கேள்வி கேளாமல் காத்திருப்பது உயிர் தப்புவதற்காகக் கற்ற பாடமாகும். அதற்குப் பின்னாளில் இறைவன் பெயர் சூட்டப்பட்டதில் வியப்பில்லை.

ஆனால் நிலக்கல்லில் நடப்பதை மன்னிப்பது கடினம். 2018 வெள்ளத்துக்குப் பின் வாகனங்களின் தரிப்பிடமாகிவிட்ட அவ்விடத்தில், மெய்நிகர் வரிசை, அதாவது தரிசன நாளையும் நேரத்தையும் இணையத்தில் முற்கூட்டியே பதியும் ஏற்பாடு, தம் குழுவுக்குச் செய்யப்படவேயில்லை என்பது தெரியவருகிறது. அதற்கெனப் பணம் வாங்கிய முகவர் வவுனியாவில் நிம்மதியாக உறங்குகிறார். அப்பணம் ஒருவருக்கு நெல் விற்ற காசு, இன்னொருவருக்கு அடகு வைத்த சங்கிலி. தொலைபேசி எடுத்து முகவரைக் கேட்கவேண்டிய குருசாமி, சரணம் சொல்லச் சொல்கிறார். ஊர் திரும்பியபின் அந்தக் காத்திருப்பு செத்தவீடுகளிலும் கலியாண வீடுகளிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு மணித்தியாலம் நீள்கிறது. முகவரின் பெயர் மட்டும் கதையில் வருவதேயில்லை. அடுத்த ஆண்டும் அதே முகவர், அதே வான்.

ஆண்டுதோறும் ஏறத்தாழ 15,000 இலங்கையர் செல்லும் இப்பயணத்தை, 2025 ஏப்ரலில் அமைச்சரவை புனித யாத்திரையாக அங்கீகரித்துள்ளது. ஆகவே இம்முறை மாலை போடவிருப்போர், பணத்தைக் கொடுக்குமுன் பற்றுச்சீட்டையும் முன்பதிவுச் சீட்டின் பிரதியையும் முகவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பற்றுச்சீட்டுக் கேட்பது விரதத்துக்கு விலக்கென்று எந்தக் குருசாமியும் இதுவரை சொன்னதில்லை.