வேலி போடத் தெரியாத விஞ்ஞானி

பேடண்ட் என்றால் என்னவென்று கொடிகாமத்தாருக்கு வகுப்பு வைத்து விளங்கப்படுத்தத் தேவையில்லை. எல்லைக் கதியால் ஒரு விரற்கடை தள்ளி நட்டதற்காகச் சாவகச்சேரிக் கோட்டுப்படி ஏறி, அப்பு தொடங்கிய வழக்கைப் பேரன் முடித்துவைத்த பரம்பரை எங்களுடையது. பேடண்ட் என்பது மூளைக்குப் போடும் வேலி. காணிக்கு உறுதி எழுதுவது போல யோசனைக்கும் எழுதி, பதிந்து, நம்பர் வாங்கிவிட்டால், அடுத்தவன் கால் வைத்தவுடன் அப்புக்காத்தரைக் கூப்பிடலாம்.

இந்தச் சூட்சுமம் பிடிபடாத ஒரு மனிதர் கல்கத்தாவில் இருந்தார். ஜகதீஷ் சந்திர போஸ், 1858இல் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் படித்தவர். 1885இல் பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகம் படிப்பிக்கச் சேர்ந்தார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு ஒரு சம்பளம், சுதேசிக்கு அதைவிடக் குறைவான சம்பளம் என்றார்கள். போஸ் சண்டை பிடிக்கவுமில்லை, வேலையை விடவுமில்லை. மூன்று வருஷம் சம்பளத்தைத் தொடாமலே படிப்பித்தார். கடைசியில் நிர்வாகம் வெட்கப்பட்டு முழுச் சம்பளத்தையும் நிலுவையோடு கொடுத்தது. எங்கள் ஊரில் யாராவது இப்படிச் செய்திருந்தால் முதல் மாசமே பெண்சாதி தாய்வீட்டுக்குப் போயிருப்பாள்.

ஆய்வுகூடம் என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. கிடைத்ததை வைத்தே மனுஷன் வேலை செய்தார். மின்னலைகள் அதிரும் தளத்தைத் திருப்ப முறுக்கிய சணல் நாரைப் பிடித்தார். அது போதாதென்று பிராட்ஷாவின் ரயில் நேர அட்டவணையைத் தூக்கி, பக்கங்களுக்கு நடுவே உலோகத்தாளைச் செருகி, அலையை அதற்குள்ளால் அனுப்பிப் பார்த்தார். கொடிகாமம் ஸ்டேஷனில் யாழ்தேவிக்காகக் காத்திருந்தவர்களைக் கேட்டால், ரயில் அட்டவணையால் ஒரு மனிதன் அடைந்த ஒரே பிரயோசனம் இதுதான் என்பார்கள். 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் அவர் விட்ட அலை சுவரைத் தாண்டிப் போய் மணியை அடித்து, வெடிமருந்தையும் கொளுத்தியது. வழியில் நின்ற லெப்டினன்ட் கவர்னரின் உடம்பையும் அது ஊடுருவிப் போனதாம். பேரரசின் பிரதிநிதியைத் துளைத்துக்கொண்டு போயும் மறியலுக்குப் போகாத முதல் சுதேசி அவராகத்தான் இருக்கும்.

1901இல் அவர் லண்டனில் நிற்கும்போது, தந்திக் கொம்பனி முதலாளி ஒருவர் பேடண்ட் படிவத்தோடு ஓடிவந்தார். கையெழுத்தைப் போடுங்கள், லாபத்தில் பாதி தாருங்கள், மிச்சத்தை நான் பார்க்கிறேன் என்றார். போஸ் மறுத்துவிட்டு, இந்தப் பணப் பேராசையைப் பாருங்கள் என்று தாகூருக்குக் கடிதம் எழுதினார். அந்த வருஷம் டிசம்பரில் மார்க்கோனி அத்லாந்திக்குக்கு அப்பாலிருந்து வந்த சமிக்ஞையைப் பிடித்து உலகப் புகழ் அடைந்தார். அவர் காதோடு வைத்துக் கேட்ட பாதரசக் கருவி, 1899இலேயே போஸ் லண்டனில் வெளியிட்டதன் வம்சம்தான் என்று 1998இல் ஓர் ஆய்வாளர் ஐஇஇஇ சஞ்சிகையில் எழுதினார். வேலியில்லாத வளவுக்குள் அடுத்த வீட்டு ஆடு வந்தால் ஆட்டைக் குறை சொல்ல முடியுமா?

நல்லவேளை, இரண்டு பெண்கள் இடையில் புகுந்தார்கள். அயர்லாந்துக்காரி நிவேதிதையும் அமெரிக்கச் சீமாட்டி சாரா புல்லும் பிடித்து உலுக்கி, ஒரு விண்ணப்பத்திலாவது அவரைக் கையெழுத்துப் போடவைத்தார்கள். 1901 செப்டம்பரில் கொடுத்த விண்ணப்பத்துக்கு 1904 மார்ச்சில் அமெரிக்காவில் 755,840 என்ற நம்பர் கிடைத்தது. உறுதியைப் புரட்டிப் பார்த்தால் பாதிப் பங்கு சாரா புல்லின் பெயரில் இருக்கிறது. மிச்சப் பாதியை வைத்துக் காசு பார்க்க இந்த மனுஷன் மினக்கெடவேயில்லை.

அந்த உறுதி எதற்கு? கலீனா என்ற ஈய சல்பைட்டுப் பளிங்கு, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு முனை. அலை வந்தால் அதன் மின்தடை மாறும். இன்றைய கணினிக்கும் கைபேசிக்கும் உயிராக இருக்கும் குறைகடத்திச் சாதனங்களின் பூட்டன் அது. 1947இல் டிரான்சிஸ்டரை உருவாக்கியவர்களில் ஒருவரான வால்டர் பிராட்டன், வானொலி அலையைப் பிடிக்கக் குறைகடத்திப் பளிங்கை முதலில் பயன்படுத்தியவர் போஸ் என்று பின்னாளில் எழுதியே வைத்தார். பிராட்டனுக்கு நோபல் கிடைத்தது. போஸுக்கு அந்தப் பாராட்டு கிடைத்தது, அதுவும் செத்த பிறகு.

பளிங்கை விட்டுவிட்டு மனுஷன் செடிகளிடம் போனார். தொட்டாற்சுருங்கியைத் தொட்டார், தொழுகன்னி இலை ஆடுவதை அளந்தார். வளர்ச்சியைப் பத்தாயிரம் மடங்கு பெருப்பித்துக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்ற கருவியைச் செய்தார். கொதிநீரில் போட்ட கோவா துடித்துச் சாவதை அந்தக் கருவிகளில் பார்த்த பெர்னாட் ஷா கலங்கிப் போனார் என்று ஒரு கதை உண்டு. ஷா சுத்த சைவம். இந்தச் செய்தி எங்கள் வெள்ளிக்கிழமை விரதகாரரின் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கோ. பிறகு சோறும் உப்பும்தான் மிஞ்சும்.

1917இல் கல்கத்தாவில் தன் பெயரில் ஆய்வு நிலையம் திறந்தபோது, இங்கே கண்டுபிடிப்பது எல்லாம் பொதுச்சொத்து, பேடண்ட் எடுக்கமாட்டோம் என்று அறிவித்தார். அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. இன்னொரு வங்காளியான ஆனந்த சக்கரவர்த்தி, ஜெனரல் எலெக்ட்ரிக் கொம்பனியில் இருந்துகொண்டு எண்ணெய் தின்னும் பக்டீரியாவைப் பரம்பரையலகு வித்தையால் உருவாக்கி, அதற்குப் பேடண்ட் கேட்டார். 1980இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் தலையாட்டியது. உயிருக்கு உறுதி எழுதலாம் என்று ஆனதும், 1985இல் சோளச் செடியும் அதே வழியால் உள்ளே வந்தது. செடியின் துடிப்பைக் கேட்ட வங்காளி பேடண்ட் வேண்டாம் என்றார், அடுத்த வங்காளி வெட்டிய வழியில் செடியே பேடண்டுக்குள் போனது.

பிறகு கொம்பனிக்காரர் எங்கள் கோடிப்புறத்துக்கே வந்தார்கள். வேப்பெண்ணெயால் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு 1994இல் டபிள்யூ.ஆர். கிரேஸ் கொம்பனியும் அமெரிக்க விவசாயத் திணைக்களமும் ஐரோப்பிய பேடண்ட் வாங்கின. எங்கள் ஆச்சிமார் அறிந்திருந்தால் கும்பலாகக் கோட்டுக்குப் போயிருப்பார்கள். எதிர்த்தவர்கள் 2000இல் வென்றார்கள், 2005இல் மேன்முறையீடும் தள்ளுபடியானது. மஞ்சளால் புண் ஆற்றும் வித்தைக்கு 1995இல் அமெரிக்கா கொடுத்த பேடண்டும் 1997இல் பறிபோனது. அதைப் பறித்தது அம்மம்மாவின் கைவைத்தியம் அல்ல. பழைய ஏடுகளிலும் 1953இல் அச்சான ஒரு மருத்துவ சஞ்சிகையிலும் அந்த விஷயம் எழுத்தில் இருந்தது. வாயால் சொன்னால் வம்பு, எழுதி வைத்தால் சாட்சி.

ஆகவே தென்மராட்சிப் பெருமக்களே, எந்த மாவில் எதை ஒட்டினால் நன்றாகக் காய்க்கும் என்று உங்களுக்குத் தெரியும். எந்தத் தென்னைக்கு என்ன நோய், அதற்கு என்ன கைமருந்து என்றும் தெரியும். ஒரு கொப்பியை எடுத்துத் திகதி போட்டு எழுதி வையுங்கோ. கதியால் சண்டைக்கு மினக்கெடும் நேரத்தில் பாதி போதும்.