பொடக்காளியில பட்டறை போடற மாப்ளைக்கு

மாப்ள, சேதி காதுக்கு வந்துருச்சு. இந்த வருசம் மாரியாத்தா நோம்பிக்கு கடையில வேட்டு வாங்கறதில்ல, நாமளே கட்டிக்கறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களாமா. வெடிமருந்து சாக்குல வந்து எறங்கிருமாமா. பொடக்காளி ரூம்பைக் காலி பண்ணி, ராத்திரி ரெண்டு பேரு உக்காந்து சணல் சுத்துனா முடிஞ்சுதாமா. பீசுக்கு இவ்வளவுன்னு கூலியும் பேசியாச்சாமா. பலே! இந்தப் புத்தி உங்கப்பனுக்கு இருந்திருந்தா நீங்க பொறந்தே இருக்க மாட்டீங்க.

உங்களைக் குத்தம் சொல்ல மாட்டேனுங்க. திருப்பூர்க் காத்து அப்படி. இந்த ஊர்ல எந்த வேலைதான் ஒரே கூரைக்கடியில நடக்குது? நிட்டிங் ஒரு பக்கம், சாயம் ஒரு பக்கம், காம்பாக்டிங் ஒரு பக்கம். கட்டிங் முடிஞ்ச பண்டலு மொபெட்டுல ஏறிச் சந்து சந்தா ஊர்கோலம் போகுது. பிசிறு வெட்டறதும் பீஸ் மடிக்கறதும் பொம்பளைங்க திண்ணையில உக்காந்து முடிச்சுக் குடுத்துர்றாங்க. ஜாப் ஒர்க்குலயே வளந்த ஊரு. அதனால, 'பீசுக்கு இத்தனை காசு'ன்னு ஒருத்தன் வாயைத் திறந்தாப் போதும், பண்டலுக்குள்ள என்ன இருக்குதுன்னு கேக்கறதுக்கு முந்தியே நம்ம கை நீண்டுருது. பனியனுக்குச் சரி. மருந்துக்குமா?

2024 அக்டோபர் 8 ஞாபகம் இருக்குதுங்களா? பாண்டியன் நகர்ப் பக்கம், பொன்னம்மாள் நகர். அங்கயும் ஒரு ஊட்டுக்குள்ளதான் கோயில் நோம்பிக்கு நாட்டு வெடி கட்டிக்கிட்டு இருந்தாங்க. சுத்தியும் குடியிருப்பு. வெடிச்ச வெடியில அந்த ஊடு மட்டும் போகல, பக்கத்து ஊடுகளும் சேந்து அடிவாங்குச்சு. செத்தவங்கள்ல ஒம்பது மாசக் கொழந்தை ஒண்ணு. அது யாருகிட்டப் பீஸ் ரேட்டு பேசுச்சு மாப்ள?

நீங்க சொல்லப் போறதும் எனக்குத் தெரியும். "நாங்க உசாரா இருப்பமுங் மாமா. ரெண்டு பக்கெட்டுத் தண்ணி, நாலு ஈரச்சாக்கு பக்கத்துல வச்சுக்கறம்." ரொம்பச் சமத்து. தீயின்னா நமக்குப் புதுசா? 2023 சூன்ல காதர்பேட்டை பனியன் பஜாருல அம்பது கடை கிட்ட எரிஞ்சதைப் பாத்த சனந்தானே நாம. அங்க எரிஞ்சது துணி. துணி எரியறதுக்கு வெளிக்காத்து வேணும். சின்னத் தீயா இருக்கறப்பவே ஈரச்சாக்கைப் போட்டு அமுக்கினா மூச்சு முட்டி அணைஞ்சுரும். கருமருந்து அந்தச் சாதி இல்ல. வெடியுப்பு, கரி, கந்தகம், மூணு பேரும் அதுல கூட்டாளி. சூடு பட்டதும் வெடியுப்பு தன்கிட்ட இருக்கற ஆக்சிஜனை அவுத்து உட்ரும். உங்க ஊட்டுக் காத்தை அது கடன் கேக்காது. கதவைச் சாத்தினாலும் எரியும், சாக்குக்கு அடியிலயும் எரியும். இதுல அலுமினியப் பொடி கலந்த மருந்துன்னா இன்னும் விசேசம். ஈரம் பட்டுக் கெடந்தாத் தீக்குச்சியே வேண்டாம், தன்னால சூடேறிக்கும். எரியறப்பத் தண்ணி ஊத்தறதும் வினைதான். உங்க பக்கெட்டுத் தண்ணி எதுக்காகும்? அப்பறமா வாறவங்க கைகால் கழுவிக்கலாம்.

இன்னொரு சூட்சுமமும் கேட்டுக்கங்க. வெட்டவெளியில கொஞ்சமாச் சிந்திக் கெடக்கற கருமருந்து பத்தினா 'புஸ்'ஸுன்னு போயிரும். அதையே காயிதத்துக்குள்ள திணிச்சு, சணலை இறுக்கிச் சுத்தினாத்தான் 'டமார்'. சத்தம் பூராவும் இறுக்கத்துல இருக்குது. இப்ப உங்க ரூம்பைப் பாருங்க. பத்துக்குப் பத்து. மேல கான்கிரீட்டு. முன்னால இரும்பு ஷட்டரு. யாரும் பாத்துரக் கூடாதுன்னு சன்னலையும் அடைச்சாச்சு. எது மாப்ள வெடி? ராவெல்லாம் நீங்க உருட்டறது வெறும் திரி. வெடி, உள்ள நீங்க உக்காந்திருக்கற ஊடு.

செஞ்சே தீருவம்னா செவகாசிக்காரங்க மாதிரி செய்யுங்க, நானே வந்து கையைக் குலுக்கறேன். வெடிபொருள் பாதுகாப்பைப் பாக்கற மத்திய அரசு ஆபீசு, நாக்பூர்ல இருக்கற பெசோவோ, இல்ல கலெக்டரோ, தயாரிப்பு அளவைப் பொறுத்து, லைசன்ஸ் குடுக்கோணும். கலக்கறதுக்குத் தனி ரூம்பு, ரொப்பறதுக்குத் தனி ரூம்பு, ஒண்ணுக்கொண்ணு தள்ளித் தள்ளி. வாசலு ஒண்ணு பத்தாது, கதவு வெளிப்பக்கமாத் திறக்கோணும். ரூம்புக்கு நாலு பேருக்கு மேல உக்காரக் கூடாது. இரும்புச் சாமான் உள்ள வரக் கூடாது. செல்லு வெளிய. இடி இடிச்சா வேலைய நிறுத்திப் போட்டு எந்திரிக்கோணும். கலந்த மருந்தை அன்னிக்கே முடிக்கோணும், மீதி வச்சு மறுநா எடுக்கக் கூடாது. போடறது பருத்தித் துணியா இருக்கோணும். இதுலதான் எனக்குச் சிரிப்பு வருது. ஒலகத்துக்கே பருத்தி பனியன் தெச்சு அனுப்பற ஊர்ல பொறந்துட்டு, உங்க இடுப்புல இருக்கறது பாலியஸ்டரு ட்ராக் பேன்ட்டு. இருட்டுல கழட்டறப்பப் படபடன்னு பொறி தெறிக்குதில்ல? நொய்யான மருந்துத் தூளுக்கு அந்தப் பொறி தாராளம்.

இத்தனை கட்டுத்திட்டம் உள்ள எடத்துலயே, சட்டத்தைக் கொஞ்சம் ஓரமா வச்சாங்கன்னா என்ன ஆகுதுன்னு தெரியுமில்ல. 2012 செப்டம்பர் 5, செவகாசிப் பக்கம் முதலிப்பட்டி. 38 உசுரு. அதுல பாதி சோகம் என்னன்னா, பொகையப் பாத்துட்டு அதை நோக்கி ஓடுனவங்களும் ஒதவப் போனவங்களும் செத்தவங்கள்ல இருந்தாங்க. முதல் வெடி போட்டதோட மருந்து அடங்கறதில்ல, அடுத்த ரூம்பு காத்திருக்கும். நாளைக்கு எங்காச்சும் இந்த மாதிரி பொகை பாத்தீங்கன்னா, செல்லை நீட்டிக்கிட்டு முன்னால போகாதீங்க. முதுகைக் காட்டி ஓடிப்போயி, தூரத்துல நின்னு 112-ஐயோ 101-ஐயோ கூப்பிடுங்க. வீடியோவை உசுரோட இருக்கறவந்தான் போட முடியும்.

உங்க கூட்டாளி ஒருத்தன் யூடியூப்புல பாத்தானாமா, அமெரிக்காவுல துப்பாக்கித் தோட்டாவுக்கே ஊட்டுல உக்காந்து மருந்து ரொப்பறாங்கன்னு. நெசந்தான், ரொப்பறாங்க. அதுக்கு அவங்க தீயணைப்பு விதி என்ன சொல்லுதுன்னு அவன் பாத்தானா? பொகையில்லா மருந்து ஊட்டுல 20 பவுண்டு வரைக்கும், அதாவது ஒம்பது கிலோ சொச்சம், கம்பெனி டப்பாவுலயேதான் இருக்கோணும். அதுக்கு மேல போனா ஒரு இஞ்சு கனத்துல மரப்பொட்டி. இரும்புப் பொட்டி ஏன் ஆகாதுன்னு இப்ப உங்களுக்கே புரியும். பத்திக்கிட்டா இறுகி நிக்காமப் பொட்டி சட்டுனு வாயைத் திறந்துரோணும். மேசை மேல ஒரு நேரத்துல ஒரு மருந்து டப்பாதான். பீடி சிகரெட்டு கிட்டயே வரக் கூடாது. அந்த அமெரிக்காக்காரன் காரேஜுல ஒத்தையா உக்காந்து இத்தனையும் பாக்கறான். உங்க லைன் ஊட்டுல எட்டுக் குடும்பத்துக்கு நடுவால ஒரே செவுரு. அதுவும் போக, இங்க லைசன்ஸு இல்லாமத் தோட்டா செஞ்சா 1959 ஆயுதச் சட்டம், வெடி கட்டினா 1884 வெடிபொருள் சட்டம். 1908-ல வெடிபொருளுக்குன்னே இன்னொண்ணு போட்டு வச்சிருக்கான் வெள்ளைக்காரன். போலீசுக்காரங்களுக்கு எதைப் போடறதுன்னு ரோசிக்கவே சிரமமில்ல.

மிஞ்சுன மருந்து எங்க போகும்னு ரோசிச்சீங்களா? அதையும் எவனாச்சும் காசு குடுத்து வாங்கிப் பழத்துக்குள்ள வச்சுக் காட்டுப்பன்னிக்கு அவுட்டுக்காய் போடுவான். பன்னி தப்பிச்சுரும். மலையோரத்துல யானை கடிச்சு வாய் கிழிஞ்சு, தின்ன முடியாம நாளெல்லாம் நின்னு சாவும். மாரியாத்தா நோம்பிக்கு வந்த மருந்து புள்ளையாரு சாதியக் கொல்லப் போகுது. கமிட்டித் தலைவருகிட்ட இதைக் கேட்டுப் பாருங்க, நெத்தியில இருக்கற துண்ணூறு வேர்த்துரும்.

வேட்டு வேண்டாம்னு நான் சொல்லலீங்க. வாணவேடிக்கை பாக்க எனக்கும் ஆசைதான். லைசன்ஸு இருக்கறவங்களைக் கூப்பிடுங்க. லைசன்ஸு காயிதத்துல தேதி தாண்டிருக்குதான்னும் பாத்துருங்க. போலீசு, தீயணைப்பு ரெண்டு பக்கமும் அனுமதி வாங்கிட்டு, ஊட்டுக்கெல்லாம் தள்ளி வெறுங்காட்டுல போடச் சொல்லுங்க. வந்த சரக்கை ஒரு ராத்திரிக்குத்தானேன்னு மாடிப்படிக்கடியில, கட்டிங் வேஸ்ட்டு மூட்டைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவால தள்ளாதீங்க. போன வருசம், 2025 சூலையில, சிலிண்டர் வெடிச்சே 42 தகரக் கொட்டாய் இந்த ஊர்ல எரிஞ்சு போச்சு. அதுக்கு மருந்துச் சாக்கு தொணைக்கு வேற வேணுமா?

சத்தந்தான் வேணும்னா ஜமாப்பு மேள செட்டைப் புடிங்க. அவங்க அடிக்கற அடியில காது அடைச்சுக்கும், கெழவனுக்கும் காலு தன்னால ஆடும். விடிஞ்சு கூலி வாங்கறப்ப நீட்டறதுக்கு ரெண்டு கையும் அவங்ககிட்டயே இருக்கும். அதுக்கு வசூல் நோட்டைத் தூக்கிட்டு வந்தீங்கன்னா எம்பேருல ஐநூறு எழுதிக்குங்க. ஆயிரம்னு எழுதிப் போட்டு அப்பறம் வந்து நிக்காதீங்க.